ஊசிமுனையும் பாடபேதமும்: மீர் பாகர் அலியின் மூன்று நிமிடங்கள்

டெல்லியின் கடைசி தாஸ்தான்கோ என்று சொல்லப்படும் மீர் பாகர் அலியின் குரல் நமக்கு எஞ்சியிருப்பது ஏறத்தாழ மூன்று நிமிடம். ஜார்ஜ் ஆபிரகாம் கிரியர்சன் முன்னின்று நடத்திய இந்திய மொழியியல் அளவாய்வுக்காக 1920இல் அரக்குத் தட்டில் பதியப்பட்ட குரல் அது. அவர் வாழ்நாள் முழுவதும் சொன்ன அமீர் ஹம்ஸாவின் கதை, லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் வெளியிட்ட உருதுப் பதிப்பில் 46 தொகுதிகளாக விரிகிறது. இரவு இரவாகக் கதை சொல்லிப் பழகியவரை ஒரு கூம்புக் குழாயின் வாயருகே நிறுத்தி, மூன்று நிமிடத்தில் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எட்டாண்டுகள் கழித்து, 1928இல் அவர் மறைந்தார். கடைசிக் காலத்தில் பாக்கு விற்றுப் பிழைத்தார் என்பது பழைய டெல்லியைப் பற்றிய நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி.

இரண்டாண்டுகளுக்கு முன் கருத்தரங்கம் ஒன்றில் இந்தத் தட்டின் எண்மக் கோப்பை வைத்து ஒரு கட்டுரை வாசித்தேன். தாஸ்தான்கோ நிமிடத்துக்கு எத்தனை சொல் சொன்னார், குரல் எந்தச் சுருதியில் நின்றது, எங்கே மூச்சு வாங்கினார் என்று கணக்கிட்டு, அதிலிருந்து கதைசொல்லல் மரபின் வேகம் குறித்துச் சில முடிவுகளுக்கு வந்திருந்தேன். அவையோர் பாராட்டினர். கட்டுரை அச்சுக்குப் போகுமுன் அதை நானே திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஏன் என்று கேட்ட நண்பர்களுக்கு நேரில் சொன்ன விடையைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

ஜாமா மசூதியை ஒட்டிய மீனா பஜாரில் பழைய தட்டுகள் விற்கும் கடையொன்றில் கூம்புக்குழாய்க் காலத்துப் பேச்சுத் தட்டு ஒன்று எனக்குக் கிடைத்தது. வீட்டில் இருந்த சுழல்தட்டில், எல்பி தட்டுகளுக்கென்று பொருத்தியிருந்த நல்ல விலையுள்ள கார்ட்ரிட்ஜிலேயே அதை ஓட்டினேன். இரைச்சலுக்குள் ஒரு குரல் கேட்டது, பொறுமையாக எழுதியெடுத்தேன். சில வாரங்கள் கழித்து, 78 சுற்றுத் தட்டுகளுக்கான ஊசியுள்ள கார்ட்ரிட்ஜை நண்பர் ஒருவர் கடனாகத் தந்தார். அதில் ஓட்டியபோது நான் எழுதியெடுத்ததில் ஏழெட்டு இடங்கள் பிழை. ‘ஸ’ என்று உறுதியாகக் கேட்டிருந்த ஓரிடத்தில் பேச்சே இல்லை. பள்ளத்தின் அடியில் கிடந்த தூசுதான் அங்கே ஒலித்திருக்கிறது.

காரணம் எளியது. எல்பி தட்டின் ஒலிப்பள்ளம் மிக நுண்ணியது. அதற்கான வட்டமுனை ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான், அதாவது ஓர் அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஏழு பங்கு. அரக்குத் தட்டின் பள்ளம் பல மடங்கு அகலமானது. அதற்கு 65 முதல் 75 மைக்ரான் ஆரமுள்ள முனை வேண்டும். சிறிய ஊசியை அகலமான பள்ளத்தில் இறக்கினால் அது இரு சுவர்களிலும் தங்காது. அடிமட்டத்துக்குப் போய் அங்குள்ள தூசிலும் அரக்குத் துகளிலும் உரசிக்கொண்டு உருளும். குரல் இருப்பதோ சுவர்களில்.

இத்துடன் தேய்மானமும் சேர்கிறது. அக்காலத்து கிராமபோனில் ஒலிப்பெட்டியின் எடை 100 கிராமுக்கு மேல் ஊசியின் மீது அழுந்தும். இன்றைய நல்ல கார்ட்ரிட்ஜ் எல்பி மீது 2 கிராம் அளவுக்கே அழுத்தும். அரக்குத் தட்டுக்கு 3 முதல் 5 கிராம் போதும். எஃகு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும் என்பது விதி. அரக்குடன் கல்தூள் கலந்திருந்ததற்கு ஒரு காரணமும் அதுவே: தட்டே ஊசியைத் தேய்த்துத் தன் பள்ளத்துக்கேற்ப வடித்துக்கொள்ளும். ஆனால் ஒரே ஊசியைப் பத்துப் பக்கம் ஓட்டிய வீடுகள் எத்தனையோ. அந்த ஊசி பள்ளத்தின் சுவரைக் குறிப்பிட்ட ஓர் உயரத்தில் அரித்துவிடும். அதற்கு மேலும் கீழும் சுவர் ஓரளவு பழுதின்றி இருக்கும். ஆகவே ஆவணக் காப்பகங்களில் 50 முதல் 100 மைக்ரான் வரை பல ஆரங்களில் ஊசிகளை வைத்திருப்பார்கள். அடிமுனை மழுக்கப்பட்ட நீள்வட்ட ஊசிகளும் உண்டு. ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, எது அரிக்கப்படாத உயரத்தில் நடக்கிறதோ அதைத் தேர்வார்கள். தேய்ந்த கல்வெட்டைப் படிப்பவர் காலை வெயிலும் மாலை வெயிலும் சாய்வாக விழும் நேரம் பார்த்துப் போவதை இது ஒத்தது. வெயில் மாறினால் எழுத்து மாறித் தெரியும்.

கார்ட்ரிட்ஜைப் பொருத்துவது பற்றி இசை ஆர்வலர்களிடையே நடக்கும் வாதங்கள் முடிவற்றவை. அவற்றுள் ஆய்வாளருக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரித்தறியவே எனக்கு ஓராண்டு பிடித்தது.

மிகுதியாகப் பேசப்படுவது கோணம். தட்டை வெட்டிய எந்திரத்தின் வெட்டுமுனை விளிம்பிலிருந்து மையம் நோக்கி நேர்கோட்டில் நகர்ந்தது. நாம் கேட்கும் கருவியின் கையோ ஓர் அச்சைச் சுற்றி வில்போல் வளைந்து செல்கிறது. ஆகவே ஊசி பள்ளத்துக்குச் சரியான தொடுகோட்டில் நிற்பது இரண்டே இடங்களில். இந்தக் கணக்கை 1924இலேயே பெர்சி வில்சன் லண்டனின் ‘தி கிராமபோன்’ இதழில் எழுதினார். 1938இல் லோஃப்கிரென், 1941இல் பெயர்வால்ட் என்று அது செப்பமுற்றது. இன்று கடைகளில் கிடைக்கும் அளவு அட்டைகள் பெரும்பாலும் 12 அங்குல எல்பியை மனத்தில் கொண்டவை; மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 121 மில்லிமீட்டரிலும் பிழை சுழியாகும்படி கார்ட்ரிட்ஜை நிறுத்துபவை. 10 அங்குல அரக்குத் தட்டில் பதிவு தொடங்குவதே ஏறத்தாழ 120 மில்லிமீட்டரில்தான். அட்டையை அப்படியே நம்பினால் முதற்சொல்லில் துல்லியமாக நின்று, பேச்சின் நடுவில் விலகி நிற்போம். ஆனாலும் அந்த விலகல் ஒன்றிரண்டு பாகைதான். ஊசியின் முனை அளவில் நேரும் பிழையோடு ஒப்பிட்டால் இது பொருட்டல்ல. கோணத்துக்கு ஒரு நாளைச் செலவிடுவோர் முனைக்கு ஒரு மணி நேரமாவது செலவிடலாம் என்பது என் எண்ணம்.

கையின் உயரம் அவசியம். அரக்குத் தட்டு தடிமனானது. எல்பிக்கு வைத்த உயரத்திலேயே விட்டால் கார்ட்ரிட்ஜின் முன்பக்கம் தூக்கி நிற்கும். ஊசி செங்குத்தாக இறங்குகிறதா என்பதைத் தட்டின் இடத்தில் சிறு கண்ணாடியை வைத்துப் பார்க்க வேண்டும்: ஊசியும் அதன் நிழலுருவும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். ஊசி ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு சுவரை மட்டுமே அது நன்றாகப் படிக்கும்.

இந்த இரு சுவர்களைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். சுவடிப் பதிப்பில் பழக்கமுள்ளவர்களுக்கு இது சுவைக்கும். கிராமபோன் தட்டில் ஒலி பக்கவாட்டு அசைவாகப் பதிந்துள்ளது. இடச்சுவரும் வலச்சுவரும் ஒரே செய்தியைத் தாங்குகின்றன. 1958க்குப் பின் வந்த ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜோ இரு சுவர்களையும் தனித்தனியே படிக்க வல்லது. ஆகவே ஒரே குரலுக்கு இரண்டு சான்றுகள் கிடைக்கின்றன. பழுதுகள் இரண்டிலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. இரண்டையும் கூட்டினால் மேலும் கீழுமான அசைவு, அதாவது பெரும்பகுதி இரைச்சல், ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். ஒரு சுவர் மிகச் சிதைந்திருந்தால் மற்றதை மட்டும் கொள்ளலாம். இரண்டையும் தனித்தனித் தடங்களாகச் சேமித்து வைத்தால் பின்வருவோர் தாமே ஒப்பிட்டுக்கொள்வர். சேமிக்கும்போதே ஒன்றாகக் கூட்டிவிட்ட கோப்பு, இரு சுவடிகளை ஒப்பிட்டு ஒரே பாடமாக அச்சிட்டுவிட்டு அடிக்குறிப்பை விட்டுவிட்ட பதிப்பைப் போன்றது.

பாதே நிறுவனத்தின் தட்டுகளில் இது தலைகீழ். அவற்றில் ஒலி மேல்கீழ் அசைவாகப் பதிந்தது. சுதேசி இயக்கக் காலத்தில் கல்கத்தாவின் எச். போஸ் பாதேயுடன் சேர்ந்து வெளியிட்ட தட்டுகள் இவ்வகையின. இவற்றைக் கிராமபோன் தட்டைப் போல இரு சுவர்களையும் கூட்டிக் கேட்டால், நீங்குவது இரைச்சல் அன்று, பாட்டு. ஒரு கம்பியை மாற்றி இணைத்தால் குரல் வந்துவிடும். பழுதான தட்டென்று ஒதுக்கிவைக்கப்பட்ட பெட்டிகளை நினைத்தால் சற்றுக் கலக்கமாகவே இருக்கிறது.

டெல்லிக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. ஊசியைத் தாங்கும் நுண்தண்டு ஒரு சிறு ரப்பர் வளையத்தில் பிடிக்கப்பட்டிருக்கிறது. 20 முதல் 25 பாகை வெப்பத்தில் அது சரியாக இயங்கும். ஜனவரி மாதத்தில் சூடேற்றி இல்லாத அறையில் அது இறுகிவிடும். கோடையில் சரியாகப் படித்த இடங்களிலெல்லாம் ஊசி துள்ளும். அழுத்தத்தைக் கூட்டினால் தட்டுக்குக் கேடு. நான் குளிர்காலத்தில் படியெடுத்ததை எல்லாம் மார்ச்சில் மறுபடியும் செய்தேன்.

இவ்வளவும் ஊசியைப் பற்றியது. அடுத்தது மின்சுற்று. எல்பி தட்டுகளை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் வெட்டுவர்; கேட்கும் கருவி அதை எதிர்மாறாகச் சரிசெய்யும். அமெரிக்க இசைத்தட்டுத் தொழிற்சங்கம் 1954இல் வகுத்த வளைவு இதற்கு அளவுகோலாயிற்று. இன்றைய போனோ பெருக்கிகளில் அது தானாகவே இயங்கும்: 10,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 14 டெசிபெல்லைக் குறைக்கும், அடிநிலையில் 19 டெசிபெல் வரை கூட்டும். 1920இன் தட்டில் மின்சாரமே இல்லை. கூம்புக் குழாய் திரட்டிய காற்றின் அதிர்வு, ஒரு சவ்வை அசைத்து, அதுவே நேராக மெழுகை வெட்டியது. அதற்கு எல்பியின் வளைவைப் போட்டால் இல்லாத கனம் குரலில் ஏறும். இருக்கும் மெய்யொலிகள் மங்கும். தாஸ்தான்கோவின் குரல் ‘கம்பீரமானது’ என்று என் கட்டுரையில் ஒரு சொல் எழுதியிருந்தேன். எதைக் கேட்டு எழுதினேன் என்று இப்போது எனக்கே ஐயம். கூம்புக்குழாய்ப் பதிவு சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதிகம் பிடிப்பதில்லை. ஆணின் பேச்சுக்குரலது அடிப்படை அதிர்வு பெரும்பாலும் அதற்கும் கீழேதான். நாம் கேட்பது மேலதிர்வுகளை. அடிக்குரலைக் காது தானே கட்டிக்கொள்கிறது.

இனி என் கட்டுரையைக் கவிழ்த்த செய்திக்கு வருகிறேன்: வேகம்.

‘78 சுற்று’ என்பதை நாம் இயற்கை விதிபோல் எடுத்துக்கொள்கிறோம். அது நிலைபெற்றது மின்மோட்டார்களின் காலத்தில். நிமிடத்துக்கு 3,600 சுற்றுச் சுழலும் மோட்டாரை 46க்கு 1 என்ற பல்சக்கரத்தால் குறைத்தால் 78.26 வரும். அதற்கு முன் பதிவு எந்திரங்கள் தொங்கும் எடையின் ஈர்ப்பால் ஓடின. வேகம் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர், சில வேளை ஒரே நாளின் காலைக்கும் மாலைக்கும் மாறியது. 74 சுற்றிலும் 82 சுற்றிலும் பதிந்த தட்டுகள் அரிதல்ல.

மூன்று நிமிடத் தட்டு என்றால் 78இல் 234 சுற்று. தட்டில் உறுதியாக இருப்பது இந்தச் சுற்றுகளின் எண்ணிக்கை மட்டுமே. பதிந்தபோது 74இல் ஓடியிருந்தால் அவர் பேசியது 3 நிமிடம் 10 வினாடி. 82இல் என்றால் 2 நிமிடம் 51 வினாடி. நிமிடத்துக்கு 160 சொல் என்று நான் கணக்கிட்டால் உண்மை 152ஆகவும் இருக்கலாம், 168ஆகவும் இருக்கலாம். சுருதியும் கூடவே மாறும். இரு எல்லைகளுக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு கட்டைக்குச் சற்றே குறைவு. கச்சேரி கேட்டுப் பழகியவருக்கு நாலரைக் கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. பேச்சில் இன்னொரு விளைவும் உண்டு: வேகம் கூடினால் உயிரொலிகளின் ஒத்ததிர்வுகளும் மேலேறி, பேசுபவர் இளையவராகத் தோன்றுவார். ஏறத்தாழ எழுபது வயதில் பதியப்பட்ட ஒருவரின் குரலில் ‘முதுமையின் சாயலே இல்லை’ என்று வியப்பதற்கு முன் சுழல்தட்டின் வேகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் வியந்திருந்தேன்.

பாட்டுத் தட்டென்றால் வழியுண்டு. ஹார்மோனியம் உடன் ஒலித்தால் அதன் சுருதிகள் நிலையானவை. பாடகரின் ஆதார சுருதி எந்தக் கட்டையிலும் விழாமல் இரண்டுக்கும் நடுவே நின்றால் வேகம் தவறென்று தெரியும். 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்குப் பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் அறிவிப்பார். பாட்டின் சுருதியை வைத்து வேகத்தைப் பிடித்தால் அந்தப் பேச்சும் இயல்பாக அமைகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். மின்பதிவு வந்தபின் பதிந்த தட்டுகளில் மின்னோட்டத்தின் ரீங்காரம் சில வேளை தட்டிலேயே வெட்டுப்பட்டிருக்கும், அதுவும் உதவும். பெர்லின் ஒலிக்காப்பகத்தார் இன்னும் முன்யோசனை உள்ளவர்கள். களப்பதிவு உருளையின் தொடக்கத்தில் 435 ஹெர்ட்ஸ் சுருதிக்குழலை ஊதிவிட்டுத்தான் பதிவைத் தொடங்க வேண்டும் என்பது அங்கே நெறி. எந்த வேகத்தில் ஓட்டினாலும் அந்த ஒலியை 435க்குக் கொண்டுவந்தால் போதும்.

தனியே கதை சொல்லும் தாஸ்தான்கோவுக்கு ஹார்மோனியம் இல்லை. கூம்புக்குழாய்க் காலத்துத் தட்டில் மின்ரீங்காரமும் இல்லை. இசைக்கும் மொழிக்கும் ஒரே எந்திரத்தைப் பயன்படுத்திய அக்காலத்தில், இசைக்கு இருந்த சோதனை மொழிக்கு இல்லாமற் போயிற்று. 1913 முதல் 1929 வரை கிரியர்சனின் திட்டத்துக்காகப் பதியப்பட்ட ஒலித்தட்டுகளுள் பெரும்பாலானவை பேச்சு. விவிலியத்தின் ஊதாரி மகன் கதையை அந்தந்த மொழியில் சொல்லச் செய்து, கூடவே ஒரு கதையோ பாட்டோ பதிவது வழக்கம். அச்சு வடிவ அளவாய்வில் சென்னை மாகாணம் இடம்பெறவில்லை. ஒலித்தட்டுகளில் தமிழும் பிற தென்மொழிகளும் உண்டு. இவற்றில் உயிரொலி நீட்சியை மில்லிவினாடியில் அளந்து நூறாண்டு ஒலிமாற்றத்தைப் பேச விரும்பும் மாணவர்கள் வரத்தான் போகிறார்கள். வரவும் வேண்டும். விகிதங்களை அளந்தால் கவலையில்லை: குறிலுக்கு நெடில் எத்தனை மடங்கு என்பது வேகம் மாறினாலும் மாறாது. தனி அளவுகளை, ஹெர்ட்ஸையும் வினாடியையும், அளந்தால் எல்லைகளோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

என் கட்டுரையில் தப்பிப் பிழைத்தவையும் விகிதங்களே. எந்தச் சொற்றொடருக்கு முன் நிறுத்தினார், நிறுத்தம் பேச்சில் எத்தனையில் ஒரு பங்கு, எங்கே அடுக்குமொழியில் விரைந்தார் என்பன நிற்கின்றன. ‘நவீன மேடையைவிட வேகமானவர்’ என்ற தலைப்பு வாக்கியம் நிற்கவில்லை. 2005இல் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கியின் வழிகாட்டலில் மஹ்மூத் ஃபாரூக்கி டெல்லியில் தாஸ்தான்கோயியை மீண்டும் மேடையேற்றியது முதல், பழையவர்கள் எப்படிச் சொன்னார்கள் என்ற கேள்வி எழுந்துகொண்டே இருக்கிறது. அதற்குச் செவிவழிச் சான்றாக நாம் காட்டுவது இந்த ஒரு தட்டை. அதன் மேல் ஏற்றும் சுமையை அளந்துதான் ஏற்ற வேண்டும்.

ஒலி, ஒளிப்பதிவுக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் வெளியிட்ட நெறிமுறை நூல் 2004இலும், திருத்திய பதிப்பு 2009இலும் வந்தன. எதையும் நீக்காத மூலப்படியை முதலில் எடு, செய்ததை எல்லாம் எழுதிவை என்பது அதன் சாரம். நான் பயன்படுத்தும் கோப்புகளில் பலவற்றோடு ஊசியின் ஆரமோ வேகமோ வளைவோ குறிக்கப்பட்டிருப்பதில்லை. ஓலைச்சுவடியைப் பதிப்பிப்பவர் எந்தச் சுவடி, எங்கே சிதைவு, எதைத் தாம் ஊகித்தார் என்று சொல்லாவிட்டால் நாம் ஏற்பதில்லை. உ.வே.சா.வின் முன்னுரைகளை இதற்காகவே மாணவர்களுக்குப் பாடம் சொல்கிறோம். ஒலிக்கோப்பு என்று வந்துவிட்டால் மட்டும் அதை மூலம் என்றே எண்ணிவிடுகிறோம்.

ஒரு வேண்டுகோள். 1920ஐ ஒட்டி டெல்லியில் பதியப்பட்ட, ஹார்மோனியமோ வேறு நிலைச்சுருதி வாத்தியமோ ஒலிக்கும் கிராமபோன் கம்பெனித் தட்டு எவரிடமேனும் இருந்தால், நடுத்தாளை அடுத்து அரக்கில் பொறித்திருக்கும் எண்ணைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். பாகர் அலியின் தட்டோடு ஒரே தொடரில் பதிந்ததாக அது தெரியவந்தால், 74க்கும் 82க்கும் இடையே உள்ள அந்த இடைவெளியைக் கொஞ்சமாவது குறைக்கலாம். எண் தெரியவில்லை என்று தட்டைத் துடைக்க முற்பட்டால் உலர்ந்த மென்துணி போதும். எல்பிக்கு விற்கும் துப்புரவு நீர் வேண்டாம். அதில் ஆல்கஹால் இருந்தால் அரக்கு கரைந்துவிடும்.